பழுத்த காயும் வீடடைந்த காயும்: சௌபர் ஆட்டச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

தாய ஆட்டத்தில் சுற்று முழுவதையும் முடித்து நடுக்கட்டத்தில் புகுந்த காயைத் தமிழர் 'பழம்' என்பர். கன்னடத்தில் அது 'ஹண்ணு', தெலுங்கில் 'பண்டு'. இரண்டுக்கும் பழம் என்பதே பொருள். இந்தி பேசுவோர் அதே நிலையில் 'கோட்டீ பக் கயீ', அதாவது காய் பழுத்துவிட்டது என்பர். இதே ஆட்டத்தின் வழிவந்த லூடோவில் அந்த நடுக்கட்டத்தின் பெயர் 'ஹோம்'. அங்குக் காய் பழுப்பதில்லை. வீடு போய்ச் சேருகிறது. பலகை ஒன்றே, நகர்வும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் ஒரு மரபில் அது முதிர்ச்சி. மற்றொன்றில் அது பயணம். ஆட்டச் சொற்களை மொழிபெயர்ப்பவர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 'விளையாட்டுத்தானே' என்ற எண்ணமே காரணமாகலாம். அகராதிகளும் இதற்குத் துணைபோகின்றன. 'ஒருவகை விளையாட்டு' என்னும் விளக்கம் எத்தனையோ பதிவுகளுக்கு முற்றுப்புள்ளியாகிவிடுகிறது.

காயிலிருந்து பழம் என்னும் இத்தொடர்பு திராவிட மொழிகளில் முழுமையான அமைப்பாக உள்ளது. ஆடுபொருளின் பெயரே 'காய்' ஆதலால், அது கடைசியில் 'பழம்' ஆவது இயல்பு. இந்தியில் நிலை வேறு. 'கோட்', 'கோட்டீ' என்பவை உருண்டைப் பொருளைக் குறிப்பன. அவற்றில் கனிக்கு இடமில்லை. ஆயினும் வினை மட்டும் 'பழு' என்றே வருகிறது. பெயரில் இல்லாத உருவகம் வினையில் இருக்கிறது. இதை மட்டும் கொண்டு கடன் சென்ற திசையை முடிவுசெய்ய இயலாது. இந்தி வினைக்கு 'வெந்தது, உறுதிப்பட்டது' என்னும் பொருள்களும் உண்டு. எனினும், 1956இல் எமனோ இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகக் காட்டியபோது ஒலியனிலும் இலக்கணக் கூறுகளிலும் தேடப்பட்ட ஒற்றுமை, இத்தகைய ஆட்டக்களங்களிலும் தேடத்தக்கது என்பதற்கு இது சான்றாகும்.

ஆட்டமும் அதன் உறுப்புகளும்

சௌபர், சௌசர், பச்சீசி என்னும் மூன்று பெயர்களும் சிலுவை வடிவக் களத்தில் ஆடப்படும் ஆட்டங்களுக்கு உரியன. களம் பெரும்பாலும் துணியில் தைக்கப்பட்டிருக்கும். ஆடி முடித்தபின் மடித்துக் காய்களுடன் பையில் இட்டு வைக்கலாம். நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். ஆகக் கைக்கு 24 கட்டமும், நான்கு கைகளுக்கும் 96 கட்டமும், நடுவே ஒரு பெரிய சதுரமும் அமைகின்றன. காய்கள் 16, நான்கு நிறத்தில் நிறத்திற்கு நான்கு. நால்வர் ஆடும்போது எதிரெதிர் அமர்ந்திருப்போர் கூட்டாளிகள். காய் நடுவிலிருந்து தன் கையின் இடைவரிசை வழியே இறங்கி, வெளிவரிசைகளைச் சுற்றிவந்து, மீண்டும் அதே இடைவரிசையில் ஏறி நடுவை அடைய வேண்டும். எதிரி வந்து விழுந்தால் வெட்டுண்டு தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டும்.

பச்சீசிக்கும் சௌபருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு எறியும் கருவியில் இருக்கிறது. பச்சீசியில் சோழிகள் எறியப்படும். அதன் உயர்ந்த எறிவான இருபத்தைந்தே ஆட்டத்தின் பெயரும் ஆயிற்று. சௌபரில் மூன்று நீண்ட பாய்ச்சிகைகள் உருட்டப்படும். அவற்றின் நான்கு முகங்களில் 1, 2, 5, 6 என்னும் எண்களுக்குரிய புள்ளிகள் இருக்கும். தமிழ்நாட்டுத் தாயக்கட்டை நீண்ட வடிவால் இதை ஒத்தது. ஆனால் எண்ணால் வேறானது. அதன் முகங்கள் வெறுமை, 1, 2, 3 என்பன, கட்டைகள் இரண்டு, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஆகவே 'பாசா' என்னும் இந்திச் சொல்லைத் 'தாயக்கட்டை' என்று பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே எண்களையும் மாற்றிவிடுகிறார். ஐந்தும் ஆறும் ஒரே கட்டையில் விழும் காட்சி தமிழ் வாசகருக்குப் புலப்படாது. 'பாய்ச்சிகை' என்னும் பழஞ்சொல் கையில் இருக்க, அதை விட்டு வழக்குச் சொல்லை நாடுவது இந்த ஓரிடத்தில் சரியன்று. (பொதுவாக வழக்குச் சொல்லே சிறந்தது என்பது வேறு செய்தி.)

இவ்வாட்டத்தின் வரலாற்றுக்கு உறுதியான ஆவணம் அபுல் ஃபசலின் 'ஆயினே அக்பரி'. இந்துஸ்தானத்து மக்கள் தொன்றுதொட்டு இதில் விருப்புடையவர் என்று அவர் கூறி, பதினாறு காய்களையும் மூன்று பாய்ச்சிகைகளையும் விவரிக்கிறார். அக்பர் வகுத்த 'சண்டல் மண்டல்' என்னும் விரிவாக்கத்தையும் குறிப்பிடுகிறார்; அதில் பதினாறு பேர், 64 காய்கள். அவையில் நடந்த இவ்வகை ஆட்டங்களில் பதினாறு ஆட்டம் முடிக்காமல் எவரும் வீடு திரும்பலாகாது என்றிருந்ததாகவும், சிலருக்கு அது மூன்று மாதம்வரை நீண்டதாகவும், பொறுமையிழந்தவர் ஒரு கிண்ணம் மது அருந்த வேண்டியிருந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். பதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல்லில் அமைந்த சிலுவைக் களம் இன்றும் உண்டு. அங்குப் பணிப்பெண்களே காய்களாக நின்றனர் என்னும் செய்தியை வழிகாட்டிகள் ஆர்வத்துடன் சொல்வர். அபுல் ஃபசல் அவ்வாறு எழுதவில்லை. மூன்று மாதம் நீண்ட ஆட்டம் என்னும் குறிப்பே அதைவிட மதிப்புடையது. இவ்வாட்டத்தின் இயல்பான வேகம் எத்தகையது என்பதை அது உணர்த்துகிறது. அடுத்து வரும் சிக்கலுக்கு இது இன்றியமையாதது.

அஸ்தினாபுரத்தில் விரித்தது எந்தக் களம்?

பாரதக் கதையின் சூதுப் பகுதியைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுதுவோர், ஓவியம் தீட்டுவோர், நாடகமாடுவோர் ஆகியோரிற் பலர் அங்குச் சௌபரை அல்லது சொக்கட்டானையே விரிக்கின்றனர். 1988 முதல் 1990 வரை தூரதர்ஷனில் ஒளிபரப்பான பி. ஆர். சோப்ராவின் தொடர் இக்காட்சியை நாடெங்கும் நிலைநிறுத்தியது: சகுனியின் உள்ளங்கையில் உருளும் நீண்ட பாய்ச்சிகைகள், முன்னே விரித்த களம். வடமொழி மூலத்தின் சபா பருவம் இக்காட்சிக்கு இடந்தரவில்லை.

அங்கு வரும் சொல் 'அக்ஷம்'. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டிலத்தில் 34ஆம் சூக்தம் சூதாடியின் புலம்பலாக அமைந்தது. அதில் அக்ஷம் என்பது விபீதக மரத்தின் கொட்டை. தமிழில் இது தான்றி. திரிபலாவில் கடுக்காயுடனும் நெல்லிக்காயுடனும் சேரும் அதே காய். அது கட்டமிட்ட பலகையில் அன்றி, நிலத்தில் அமைந்த பள்ளத்தில் ஆடப்பட்டது. பல கொட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டவற்றை நான்கு நான்காக எண்ணி, மிச்சமின்றி முடிந்தால் கிருதம், மூன்று எஞ்சினால் திரேதை, இரண்டானால் துவாபரம், ஒன்றானால் கலி எனக் கொள்வதே அதன் முறை என்பது 1907இல் ஹைன்ரிஷ் லூடர்ஸ் பழைய நூற்சான்றுகளைத் தொகுத்து எழுதிய ஆய்வின் முடிவு. யுகங்களின் பெயர்களாக இன்று நாம் அறிவன இவ்வெறிவுகளின் பெயர்களே. பந்தயத்தைக் குறிக்கும் 'க்லஹ' என்னும் சொல்லும் 'பற்று, கைக்கொள்' என்னும் வினையடியோடு தொடர்புடையது. கைப்பிடியாக எடுத்தல் ஆட்டத்தின் உட்செயல் என்பதற்குச் சொல்லே சாட்சி.

இதை ஏற்றால் சபா பருவத்தின் நடை விளங்குகிறது. தருமன் பந்தயம் சொல்கிறான். சகுனி எறிந்தவுடன் வென்றதாக அறிவிக்கிறான். அடுத்த பந்தயம் வருகிறது. இவ்வாறு ஏறத்தாழ இருபது பந்தயங்கள்: பொருள், படை, நாடு, தம்பியர், தான், இறுதியில் திரௌபதி. ஒவ்வொன்றும் ஒரே எறிவில் முடிகிறது. மீண்டும் அழைத்து ஆடிய இரண்டாம் சூதில் பதின்மூன்றாண்டு வனவாசமும் ஒரே பந்தயத்தில் முடிவாகிறது. சௌபரில் இது இயலாது. பதினாறு காய்களைச் சுற்றவைத்து, வெட்டுண்டதை மீண்டும் ஏற்றி, ஓர் ஆட்டம் முடிவதற்கே பல நாழிகை ஆகும். காட்சியின் கொடுமை அதன் விரைவில் இருக்கிறது. எண்ணிப்பார்க்க ஒரு கணமும் இல்லை. சௌபரை விரித்தவுடன் அவ்விரைவு போய்விடுகிறது. தருமன் நாள் முழுவதும் காய் நகர்த்தி, வாய்ப்பிருந்தும் எழாமல் அமர்ந்திருந்தவனாகத் தோன்றுகிறான். பாத்திரத்தின் மீதான தீர்ப்பே இதனால் மாறுகிறது.

சகுனியின் திறனும் மாறுகிறது. எண்ணும் ஆட்டத்தில் வல்லமை என்பது கண நேரத்தில் கணக்கிடும் வல்லமை. நளன் கதையில் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லி, பின் அக்ஷத்தின் உள்ளறிவை நளனுக்குத் தருவது இதனாலேயே. கலி அத்தான்றி மரத்தில் புகுவதும் தற்செயலன்று. சூது ஆட்டத்தைச் சொக்கட்டானாக்கிவிட்டால் இருதுபன்னன் மரத்தை எண்ணுவது பொருளற்ற வித்தையாகிவிடும். மறுபுறம், சகுனி தன் தந்தையின் எலும்பால் பாய்ச்சிகை செய்தான் என்னும் நாட்டுப்புறக் கதை மூலத்தில் இல்லை. நீண்ட எலும்புப் பாய்ச்சிகை வழக்கில் இருந்தாலன்றி அக்கதைக்கு இடமில்லை; தான்றிக்கொட்டையைக் கொண்டு அதைப் புனைய முடியாது. கருவி மாறியபின் கதை பிறந்தது எனலாம். அது பிழையன்று, வேறொரு பாரதம். வியாசரை மொழிபெயர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அதை உள்ளே நுழைப்பதே பிழை.

மூலமும் முற்றிலும் ஒரு சீரானது அன்று. விராட பருவத்தில் கங்கன் என்னும் மாற்றுப் பெயரோடு அரசவை புகும் தருமன், வைடூரியம், பொன், தந்தம் ஆகியவற்றாலான ஆடுபொருள்களைப் பற்றிப் பேசுகிறான். கருப்பும் சிவப்பும் வருகின்றன. பின்னர் விராடன் சினந்து அக்ஷத்தை வீசித் தருமன் முகத்தில் குருதி வரச் செய்கிறான். இங்குக் காய்களும் களமும் உள்ள ஆட்டம் நினைக்கப்பட்டிருத்தல் கூடும். ஒரே நூலில் இருவகை ஆட்டங்களின் சுவடு இருக்குமாயின், இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் மூடுவது பின்னும் பொருந்தாது.

இலக்கணிகள் காத்த ஆட்டங்கள்

பழைய பலகை ஆட்டங்கள் பற்றிய நம்பத்தக்க செய்திகள் சில இலக்கண நூல்களில் கிடைப்பது மொழியியலார்க்கு மகிழ்ச்சி தருவது. பாணினியின் 2.1.10ஆம் சூத்திரம் 'அக்ஷபரி', 'சலாகாபரி', 'ஏகபரி' முதலிய தொகைகளுக்கு விதி கூறுகிறது. ஐந்து அக்ஷங்களோ ஐந்து குச்சிகளோ கொண்டு ஆடும் 'பஞ்சிகா' என்னும் ஆட்டத்தில் எல்லாம் மல்லாந்தோ எல்லாம் கவிழ்ந்தோ விழுந்தால் வெற்றி என்றும், ஒன்று பிறழ்ந்தால் 'ஏகபரி' என்றும் காசிகை உரை விளக்குகிறது. 5.2.9ஆம் சூத்திரம் இன்னும் சுவையானது. 'அயானயீனம்' என்பது ஒரு காயின் பெயரடை. 'அய' வலமாகச் செல்லுதல், 'அனய' இடமாகச் செல்லுதல் என்று பதஞ்சலி பிரித்துக் காட்டி, எதிரியின் காய்கள் புக முடியாத இடத்திற்குக் கொண்டுசெல்லத்தக்க காயே அது என்கிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் அவர் காலத்திலேயே எதிரெதிராகச் சுற்றும் காய்களும் வெட்ட இயலாத கட்டமும் உள்ள ஆட்டம் இருந்தமை இதனால் தெளிவு. ஒரு தத்தித விகுதியின் பொருளை விளக்கப்புகுந்ததால் ஓர் ஆட்டத்தின் விதி தப்பிப் பிழைத்தது.

தொல்காப்பியத்திலும் இதற்கு இணையுண்டு. எழுத்ததிகாரப் புள்ளிமயங்கியலில், சூதாடு கருவியைக் குறிக்கும் 'வல்' என்னும் சொல்லின் புணர்ச்சி கூறப்படுமிடத்தில், அது 'நாய்', 'பலகை' என்னும் சொற்களோடு சேரும்போது உகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு என்று தனி விதி உள்ளது: வல்லநாய், வல்லப்பலகை. பலகை விளங்குகிறது. நாய்? அது ஆடு காயின் பெயர். புறநானூற்றின் 52ஆம் பாட்டில் பாழ்பட்ட பொதியில் ஒன்று வருகிறது. நரைத்த முதியவர்கள் நாயை வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லுக் களத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஆட்டச் சொல்லை அறியாத மொழிபெயர்ப்பாளர் இங்கு உண்மையான நாயைக் கொண்டுவந்துவிடும் இடர்ப்பாடு வெளிப்படை. அறிந்தவருக்கும் சிக்கல் உண்டு: 'காய்' என்று பெயர்த்தால் பொருள் நேராகிறது, நாய் போய்விடுகிறது. பண்டைக் கிரேக்கரும் தம் பலகை ஆட்டமொன்றின் காய்களை நாய் என்றே அழைத்தனர். ரிக் வேதத்தில் தேர்ந்த சூதாடிக்கு வழங்கும் 'ச்வக்னின்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் 'நாயைக் கொல்பவன்'. இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு உண்டென்று துணிய வேண்டியதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் நாய் நீங்கிவிட்டால் இவ்வினாவை எழுப்பவே வாசகருக்கு வாய்ப்பிராது. பாட்டில் நாயை வைத்துக்கொண்டு அடிக்குறிப்பில் காயைச் சொல்வதே தக்கது.

தமிழில் கிடைக்கும் சொற்கள்

தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் சொற்கள் குறைவில்லை. சூது என்பது செயலையும் வஞ்சத்தையும் ஒருங்கே சுட்டும் பொதுச்சொல். கவறு உருட்டும் கருவி. குறளின் சூது அதிகாரத்தில் கவறு, அது ஆடும் இடமாகிய கழகம், ஆடும் கைத்திறம் ஆகிய மூன்றும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. அங்கேயே ஆயம் 'உருளுவது' என்னும் அடையும் பெறுகிறது. எண்ணி எடுக்கும் கொட்டைக்கு உருளுதல் பொருந்தாதாகலின், குறள் காட்டும் கருவி வேறு என்று கொள்ளலாம். சொக்கட்டான் களமும் காயும் உடைய ஆட்டம். சௌபருக்கு இது பொருத்தமான நிகரி, சபா பருவத்துக்கு அன்று.

தாயம் என்னும் சொல்லைத் தனியே நோக்க வேண்டும். ஆட்டத்தில் அது ஒன்று என்னும் எறிவு. அது விழுந்தாலன்றிக் காய் களம் இறங்காது. மற்றொரு பொருள் முன்னோரிடமிருந்து வரும் உரிமைப் பங்கு. 'தாயாதி' அதிலிருந்து வந்தது. பாரதி 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தில் சூதைத் தாயம் உருட்டுதலாகவே சொல்கிறார். ஆட்ட வரலாற்றின்படி நோக்கினால் இது காலப் பிறழ்வு. ஆயினும் தாயாதிகள் தாயத்துக்காகத் தாயம் உருட்டுகின்றனர் என்னும் பொருள் மூலமொழியின் 'அக்ஷம்' தர இயலாதது. பாரதி மொழிபெயர்க்கவில்லை, மறுபடைப்புச் செய்தார். ஆகவே அவருக்கு இவ்வுரிமை உண்டு. உரைநடையில் மூலத்தைத் தருவோர் இதே சொல்லைப் பின்பற்றும்போது அவ்வுரிமை அவர்க்கு வாய்ப்பதில்லை.

ஆட்டச் சொற்கள் ஆட்டத்தை விட்டு வெளியேறி மரபுத்தொடராகும்போது இடர் பெருகுகிறது. இந்தியில் 'பௌ பாரஹ்' என்பது சௌபரின் சிறந்த எறிவு: ஆறு, ஆறு, ஒன்று. பௌ ஒன்றையும், பாரஹ் பன்னிரண்டையும் குறிக்கும். ஒருவருக்குப் 'பௌ பாரஹ்' ஆனது என்றால் அவர் நினைத்ததெல்லாம் கைகூடியது என்பது பொருள். இந்தி நாவல்களைத் தமிழாக்குவோர் இதைப் பலமுறை சந்திக்கக்கூடும். 'பௌ' என்பதற்கு விடியற்பொழுது என்னும் பொருளும் இந்தியில் உண்டாகையால், ஆட்டம் அறியாதவர் இதைப் 'பொழுது பன்னிரண்டு' என்று புரிந்துகொள்ள இடமுண்டு. தமிழில் 'தாயம் விழுந்தது' என்னும் வழக்கு ஓரளவு ஈடுகட்டும், முழுமையாக அன்று. தாயம் தொடங்குவதற்கான வாய்ப்பு மட்டுமே. பௌ பாரஹ் நிறைந்த வாய்ப்பு. இதற்கு எதிரான 'தீன் கானே', மூன்று ஒன்றுகள் விழும் மிகத் தாழ்ந்த எறிவு. தமிழ்த் தாயத்தில் ஒன்று நல்லெறிவு. சௌபரில் மூன்று ஒன்றுகள் கெட்ட எறிவு. எண்ணை அப்படியே தமிழில் வைத்தால் துயரம் வாழ்த்தாகிவிடும். எண்ணைத் துறந்து பொருளைக் காப்பதே இங்கு வழி. இருமொழி அகராதியில் இவ்விரு பதிவுகளுக்கும் எறிவின் கணக்கைத் தந்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தாமே முடிவுசெய்துகொள்வார். 'அதிர்ஷ்டம்' என்னும் ஒற்றைச் சொல் விளக்கம் அவருக்கு உதவாது.

மேலைநாடுகளுக்குச் சென்றபோது பச்சீசியின் பெயரும் திரிந்தது. அமெரிக்காவில் 1874இல் 'பார்ச்சீசி' என வணிகக் குறியாகப் பதிவாயிற்று. அப்பெயரில் இருபத்தைந்து என்னும் பொருள் எவர்க்கும் கேட்காது. இங்கிலாந்தில் 1896இல் காப்புரிமை பெற்ற வடிவத்திற்கு இலத்தீன் வினையிலிருந்து 'லூடோ' என்று பெயரிட்டனர். 'நான் ஆடுகிறேன்' என்பது அதன் பொருள். சோழிகள் நீங்கிக் கனசதுரப் பகடை ஒன்று வந்தது. ஆறே மிகுந்த எண். எக்ஸ் குறியிட்ட காப்புக் கட்டம் தமிழ்த் தாயத்தில் 'மலை'. பச்சீசி பற்றிய ஆங்கில விளக்கங்களில் அது 'கோட்டை' ஆயிற்று. ஏறி நின்று தப்புவதும் மதிலுக்குள் புகுந்து தப்புவதும் வேறு வேறு படிமங்கள். லூடோ அட்டை இந்தியாவுக்குத் திரும்பி வந்தபின்னும், இந்தி பேசும் சிறுவர் அதன் நடுவில் அச்சிட்டுள்ள 'ஹோம்' என்னும் சொல்லைக் கண்முன் வைத்துக்கொண்டே காய் பழுத்தது என்கின்றனர்.